29 வருட அனுபவமும் ஐந்தரை விநாடி வீடியோவும்

சித்தப்பா விழுந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்தவர் போனவர் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அவர் மேல தப்பே இல்ல." போலீஸும் அப்படித்தான் எழுதியது. குறுக்கே திரும்பியது குட்டியானை என்கிற மினி லாரி, நேராக பைக்கில் வந்தது சித்தப்பா. குடிக்கிற ஆள் இல்லை. போன் சட்டைப் பைக்குள் கிடந்தது. ஹெல்மெட் போட்டு வாரையும் மாட்டியிருந்தார். 29 வருடமாக மெடிக்கல் ரெப். திருச்சியிலிருந்து மணப்பாறை, துவரங்குறிச்சி, மேலூர் என்று மருந்துப் பையோடு ஒரு நாளைக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் ஓட்டுபவர். கூட்டிப் பார்த்தால் ஆறு லட்சம் கிலோமீட்டருக்குக் குறையாது. அதுவரை பெரிதாக ஒரு சிராய்ப்புகூடக் கிடையாது.

நான் அவருடைய அண்ணன் மகன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய், சர்டிபிகேட்டை பிரேம் போட்டு மாட்டியிருப்பவன். எங்கள் வீட்டில் பொங்கல், தீபாவளிக்கு நாங்கள் இரண்டு பேரும் சந்தித்தால் ஒரு சண்டை நிச்சயம் உண்டு. பயிற்சி பெரிதா, அனுபவமா? "காசு கட்டி வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட ஒரே ஆளு எங்க பரம்பரையிலேயே நீதான்டா" என்பார் அவர். இந்த விபத்துக்குப் பிறகு அந்தச் சண்டையை வாய்ப்பேச்சாக விடாமல் கணக்காகவே போட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. சித்தப்பாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "என் பேர மட்டும் போட்டுறாத" என்றார், போடவில்லை.

நடந்தது

போன வருடம் மாசி மாதம், மாலை ஐந்தே முக்கால் மணி. மேலூரில் கடைசி டாக்டரைப் பார்த்துவிட்டு திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நான்கு வழிச்சாலை. கொட்டாம்பட்டி வருவதற்கு முன்னால் சென்டர் மீடியனில் ஓர் இடைவெளி. காய்ந்த ரோடு, நல்ல வெளிச்சம், சூரியன் இடது பக்கம். எதிர்த்திசையில் வந்த ஒரு குட்டியானை, பின்னால் காலி தக்காளிப் பெட்டிகளோடு, அந்த இடைவெளியில் நுழைந்து இவர் பக்கத்து ரோட்டைக் கடந்து ஊருக்குள் போகும் பாதையைப் பிடிக்கப் பார்த்தது. சித்தப்பாவின் வண்டி அதன் பின் சக்கரத்துக்கு மேலே, இடது பக்கப் பலகையில் மோதியது. காலர் எலும்பு முறிவு, வலது மணிக்கட்டில் பிளேட். ஹெல்மெட்டின் தாடைப் பகுதி ஒரு விரல் ஆழத்துக்குத் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானம் தாடையில் விழுந்திருந்தால் இதை எழுதும் மனநிலையில் நான் இருந்திருக்க மாட்டேன். ஹெல்மெட் மரணத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு இருக்கிறது. எந்தப் பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் இவ்வளவு தெளிவான எண் கிடையாது.

வண்டி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 14 வருடம் ஓட்டிய ஸ்பிளெண்டரைக் கொடுத்துவிட்டு ஒரு 350 சிசி வண்டி வாங்கி ஒன்பது வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் (பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் அமைப்பு), முன்னால் பெரிய டிஸ்க். "கடைசி காலத்துல ஒரு நல்ல வண்டி ஓட்டிக்கிறேன்" என்று சித்தியிடம் கெஞ்சி வாங்கியது.

வீடியோ

பின்னால் வந்த காரில் டேஷ்கேம் இருந்தது. சித்தப்பாவை ரோட்டோரம் தூக்கிப் படுக்க வைத்த அதே மனிதர், இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் வீடியோவை அனுப்பினார். மோதலுக்கு முந்தைய ஐந்தரை விநாடிதான் நமக்கு வேண்டியது. லேன் கோடுகளை எண்ணி, பிரேம் பிரேமாக நகர்த்தி, மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். சித்தப்பாவின் வேகம் மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 18 மீட்டர்.

முதல் பிரேமிலேயே குட்டியானையின் மூக்கு மீடியன் இடைவெளியில் தெரிகிறது. சித்தப்பாவுக்கும் அதற்கும் நடுவில் சுமார் 90 மீட்டர். அதன் முன் சக்கரம் ஏற்கெனவே திரும்பியிருக்கிறது. அப்போது வண்டி நிற்கிறது, அல்லது நிற்கிற மாதிரி மெதுவாக உருள்கிறது. அடுத்த இரண்டரை விநாடிக்கு சித்தப்பாவிடம் எந்த மாற்றமும் இல்லை. அதே வேகம், அதே லேன், தலைகூடத் திரும்பவில்லை. பிறகு குட்டியானை கிளம்புகிறது. மூன்றாவது விநாடி தாண்டியதும் இவருடைய பிரேக் லைட் எரிகிறது. அப்போது மீதி 32 மீட்டர். அங்கிருந்து மோதும்வரை இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் மேலே. மோதியபோது வேகம் 37 கிலோமீட்டர் வாக்கில் இருந்திருக்க வேண்டும்.

ரோட்டில் டயர் தடம் இல்லை. "பிரேக்கே பிடிக்கல போல, தடத்தையே காணோமே" என்று அங்கே கூடியவர்கள் பேசிக்கொண்டார்களாம். ஏபிஎஸ் வண்டி தடம் போடாது என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த 32 மீட்டர் உறுத்தியது. இந்த வண்டி காய்ந்த ரோட்டில் 65-லிருந்து, இரண்டு பிரேக்கையும் ஒழுங்காகப் பிடித்தால், 24 மீட்டரில் நின்றிருக்கும். எட்டு மீட்டர் மிச்சம் வைத்து நின்று, குட்டியானைக்காரனைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் அதே வேகத்திலிருந்து நிற்க 48 மீட்டர் ஆகும். வீடியோவில் வேகம் குறைந்த விதத்துக்கு இரண்டாவது கணக்குதான் பொருந்தியது.

அதாவது, முன் பிரேக் பிடித்தவன் முழுதாக நின்றுவிடும் அந்த இடத்தில், பின் பிரேக் மட்டும் பிடித்தவன் இன்னும் 46 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பான்.

சித்தப்பாவிடம் கேட்டேன். "முன் பிரேக் பிடிச்சீங்களா?" கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "கால்தான் போச்சு. கை... ஞாபகம் இல்லப்பா."

மெக்கானிக்கின் சாட்சி

அவருக்கு ஞாபகம் இல்லாததை எங்கள் தெரு மெக்கானிக் சொன்னார். பழைய ஸ்பிளெண்டரை ஆறேழு வருடமாகப் பார்த்தவர் அவர்தான். "உங்க சித்தப்பா வண்டிக்கு பின் பிரேக் ஷூ வருஷத்துக்கு ஒண்ணு. முன் ஷூ நான் மாத்தினதே இல்ல சார். கழட்டிப் பார்த்தா கம்பெனியில வந்த மாதிரியே இருக்கும்." புது வண்டியிலும் அதே கதை. ஒன்பது வாரத்தில் பின் பேடில் தேய்மானம் கண்ணுக்குத் தெரிந்தது, முன் பேட் பளபளவென்று இருந்தது.

இதற்காக சித்தப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ப்ளஸ் டூ லீவில் எனக்கு வண்டி கற்றுக் கொடுத்தவரே அவர்தான். முதல் பாடமே, "டேய், முன் பிரேக்கத் தொடாத, தூக்கி அடிச்சிரும்." தமிழ்நாட்டில் இதைக் கேட்காமல் வண்டி பழகியவர் யாராவது உண்டா? இந்தப் பாடத்துக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. மணல் கிடக்கும் தெருவில், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் விழத்தான் செய்வோம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டு போடும்போதும் அதேதான். பத்து கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச்சைப் பாதி பிடித்து, காலால் பின் பிரேக்கை லேசாக அழுத்தி, கால் ஊன்றாமல் சுற்றி வர வேண்டும். அங்கே முன் பிரேக்கைத் தொட்டவன் பெயில். ஆக, ஒரு மனிதன் தன் வாழ்நாளில் எழுதும் ஒரே வண்டிப் பரீட்சை, முன் பிரேக்கைத் தொடாதவனைத்தான் பாஸ் போடுகிறது. அதற்குப் பிறகு 29 வருடம் யாரும் அவரைத் திருத்தவில்லை. திருத்த வேண்டிய ஒரே வாத்தியார் ரோடு. ரோடு பெரும்பாலும் மன்னித்துவிட்டது.

லாஸ் ஏஞ்சலஸில் எழுதி வைத்தது

இதில் எதுவும் சித்தப்பாவின் தனிக்கதை இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1981-இல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900-க்கும் மேற்பட்ட மோட்டார்சைக்கிள் விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். கூடவே 3,600 போலீஸ் பதிவுகளையும் படித்தார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ, குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ வண்டி பழகியவர்கள். அங்கேயும் சித்தப்பாக்கள்தான் வாத்தியார்! ஆபத்து தெரிந்ததிலிருந்து மோதும்வரை சராசரி விபத்தில் கிடைத்த நேரம் இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்தது பின் பிரேக்கை அழுத்திச் சறுக்கியது, முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காதது. வண்டியை வளைத்து ஒதுங்கும் திறமை அவர்களிடம் அநேகமாக இல்லவே இல்லை.

அந்த அறிக்கையில் இன்னொரு எண்ணைப் படித்தபோது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். விபத்தில் சிக்கியவர்களின் மொத்த ரோடு அனுபவம் சராசரியாக மூன்று வருடத்துக்குப் பக்கம். ஆனால் அந்தக் குறிப்பிட்ட வண்டியில் பாதிப் பேருக்கு மேல் ஐந்து மாத அனுபவம்கூட இல்லை. அனுபவம் என்று நாம் மொத்தமாகச் சொல்வது எடுத்தவுடன் புது வண்டிக்கு மாறிவிடுவதில்லை. சித்தப்பாவின் 29 வருடமும் நூறு கிலோ சொச்ச எடையுள்ள, டிரம் பிரேக் வண்டிகளில் சேர்த்தது. 350-இல் அவர் ஒன்பது வாரத்துப் புதுமுகம்.

பிறகு ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை ஆராய்ந்தார்கள். பாதி விபத்துகளுக்கு எதிர் வண்டிக்காரனின் தவறுதான் முதல் காரணம். பைக் ஓட்டியவரின் தவறு முதல் காரணமாக இருந்தது 37 சதவீதம். "பார்த்தியா, அவன் தப்புதான்" என்று சித்தி இதைக் கேட்டதும் சொன்னார். சரிதான். ஆனால் அவனைத் திருத்த நம் கையில் ஒன்றும் இல்லை, நம் பிரேக் நம் கையில் இருக்கிறது. இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் செத்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இதில் யார் மேல் தப்பு என்று பிரித்துப் பார்த்து யாருக்கு என்ன ஆகப் போகிறது?

இனி என் கதை

இதுவரை படித்தவர்கள் பயிற்சிதான் ஜெயித்தது என்று முடிவு கட்டியிருக்கலாம். நானும் அப்படி நினைத்து சித்தப்பாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். அவர் விடவில்லை. "ஏன்டா, கொல்லிமலையில என்ன பண்ணின, அதையும் எழுது."

எழுதுகிறேன். டிராக் பயிற்சி முடிந்து நான்கு மாதம் நான் ஓட்டிய ஓட்டம் வேறு மாதிரி. வண்டியைச் சாய்க்கத் தெரிந்துவிட்டது. வலது பக்கம் போக வலது ஹேண்டிலை முன்னால் தள்ள வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வளைவுக்குள் போகத் தெரிந்துவிட்டது. இவ்வளவும் தெரிந்தவன் கொல்லிமலைக்குப் போகாமல் இருப்பானா? காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஐம்பதுக்கு மேல் எந்த வளைவு என்று நினைவில்லை, இடது பக்கம் திரும்பும் ஒன்றில் நான் நுழைந்த வேகத்துக்கு வண்டி வெளிப்பக்கம் தள்ளியது. எதிரே ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு பஸ் இறங்கியது. டிரைவர் எனக்கு முன்பே பார்த்து நிறுத்தியிருந்ததால்தான் தப்பித்தேன். பம்பருக்கும் என் முட்டிக்கும் நடுவில் ஒரு ஜாண். கண்டக்டர் படியில் தொங்கியபடி என் அப்பா அம்மாவையெல்லாம் விசாரித்தார்.

டிராக்கில் எதிரே பஸ் வராது, மணல் கிடக்காது, வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது மூன்றாவது சுற்றிலேயே மனப்பாடம். அங்கே நான் கற்றுக்கொண்டது பொய் இல்லை, அதை இறக்கி வைக்க மலைப்பாதை இடமில்லை. பயிற்சிக்கு முன்னால் அந்த வளைவில் இருபத்தைந்தில் பயந்து பயந்து திரும்பியிருப்பேன். பயிற்சி என் பயத்தை எடுத்துவிட்டது. பயம் போன இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை.

இதிலும் நான் தனி ஆள் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2010-இலிருந்து 2012 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. புதிதாக லைசென்ஸ் வாங்கிய 2,399 பைக் ஓட்டுநர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே பயிற்சி. மூன்று பேருக்கு மேல் போகாத சின்னக் குழு, ஒரு பயிற்சியாளர், நிஜ ரோட்டில் நான்கு மணி நேரம். டிராக் இல்லை, வித்தை இல்லை, பாதுகாப்பாக ஓட்டுவது எப்படி என்பதுதான் பாடம். காகிதத்தில் குறையே சொல்ல முடியாத திட்டம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், இரண்டு பாதிக்கும் விபத்து எண்ணிக்கையில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. பயிற்சி எடுத்தவர்களுக்குத் தன்னம்பிக்கை ஏறியிருந்தது, வேகமாக ஓட்டுவதாக அவர்களே ஒப்புக்கொண்டதும் கூடியிருந்தது. கார்களில் இதற்கு முன்பே நார்வே ஒரு பாடம் படித்திருக்கிறது. பனியில் வழுக்கும் ரோட்டில் ஓட்டத் தனிப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பயிற்சிக்குப் பிறகு வழுக்கும் ரோட்டில் இளம் ஆண்களின் விபத்து கூடியது. வழுக்கினால் சமாளிக்கத் தெரியும் என்று நம்புகிறவன் வழுக்கும் வேகத்துக்குப் போகிறான், வேறென்ன?

2010-இல் மோட்டார்சைக்கிள் பயிற்சி பற்றிய 23 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள், எது பலன் தருகிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு அவற்றில் தரமான சான்று இல்லை என்று கையை விரித்தார்கள். சித்தப்பாவிடம் இதைப் படித்துக் காட்டியதுதான் நான் செய்த தப்பு. ஒரு வாரம் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னால் ஒருவர்

கை சரியாகி அவர் மறுபடி வண்டி எடுக்க ஐந்து மாதம் ஆனது. அதற்குள் நாங்கள் இருவரும் சண்டையைக் கொஞ்சம் ஓரம் கட்டியிருந்தோம். எனக்கு இன்னமும் ஒரு விஷயம் விளங்கவில்லை. முதல் இரண்டரை விநாடி. பிரேக் விஷயம் புரிகிறது. 90 மீட்டர் தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், சக்கரம் திரும்பி நிற்கும் குட்டியானையை ஆறு லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவர் எப்படிப் பார்க்காமல் விட்டார்?

பயிற்சி கொடுக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார், டிராக் ஆள் இல்லை, ரோட்டு ஆள். பிரிட்டனில் ஒரு முறை உண்டு, அதை அவர் சித்தப்பாவுக்கும் செய்து பார்த்தார். லைசென்ஸுக்கு மேலே விருப்பப்பட்டு எடுக்கும் அட்வான்ஸ்டு தேர்வுக்குத் தயார் செய்பவர்கள் உங்களுக்கு வித்தை காட்ட மாட்டார்கள். நீங்கள் பாட்டுக்கு ஓட்டுவீர்கள், பின்னால் ஒருவர் வருவார், நிறுத்திய இடத்தில் தான் பார்த்ததைச் சொல்வார். போலீஸ் ஓட்டுநர்களிடமிருந்து வந்த பழக்கம் இது. கூடவே, கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். நண்பர் சித்தப்பாவின் ஹெல்மெட்டில் மைக் மாட்டினார். "சார், பார்க்கிறதெல்லாம் சொல்லிக்கிட்டே ஓட்டுங்க, நாங்க பின்னாடி வர்றோம்." திருச்சியிலிருந்து மணப்பாறை, பழைய ரோடு.

எனக்கு வாய் அடைத்துப் போனது. "டீக்கடையில ரெண்டு பைக்கு, ஒருத்தன் சாவி போட்டுட்டான், வருவான். ஆடு எல்லாம் தாண்டிருச்சு, ஒரு குட்டி அந்தப் பக்கமே நிக்குது, அது ஓடும். பஸ்சு நிக்குது, முன் சக்கரம் ரோட்டப் பார்த்துத் திரும்பியிருக்கு, எடுக்கப் போறான். ஷேர் ஆட்டோக்காரன் தலைய வெளிய நீட்டிட்டான், ஆள் ஏத்துவான்." ஆட்டுக்குட்டி ஓடியது. அவர் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில். இதில் பாதியை நான் பார்க்கவே இல்லை. எந்தப் பயிற்சியும் இரண்டு நாளில் இதைக் கொடுக்காது. இது 29 வருடம் தின்று சேர்த்த சொத்து.

நான்கு வழிச்சாலைக்கு வந்ததும் பேச்சு குறைந்தது. "லாரி. லாரி. கார் போறான்." மீடியன் இடைவெளிகள் மூன்று வந்தன. ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. நான்காவதில் ஒரு டிராக்டர் நின்றது. "டிராக்டர் நிக்குது" என்றார். வேகம் குறையவில்லை.

டோல்கேட் தாண்டி ஓரம் கட்டி இளநீர் குடிக்கும்போது நண்பர் கேட்டார், "சார், அந்த டிராக்டரப் பார்த்தீங்களே, ஏன் அப்படியே வந்தீங்க?"

"அவன் நிப்பான் சார். நேரா வர்றவனுக்குத்தானே வழி."

"அன்னைக்கு?"

சித்தப்பா இளநீரை உறிஞ்சுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கும் பார்த்தேன். நிப்பான்னுதான் நெனச்சேன்" என்றார்.

ஐந்து மாதமாக அவர் பார்க்கவில்லை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்கிறார். மீடியன் இடைவெளியில் இதுவரை அவர் பார்த்த ஆயிரக்கணக்கான வண்டிகளும் நின்றிருக்கின்றன. ஒவ்வொன்றும் நிற்க நிற்க, அடுத்ததும் நிற்கும் என்ற பாடம் அவருக்குள் இன்னும் கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கிறது. ஊர் ரோட்டில் ஆட்டுக்குட்டியும் ஷேர் ஆட்டோவும் அவரை அடிக்கடி ஏமாற்றியதால் அங்கே சந்தேகம் கற்றார். நான்கு வழிச்சாலை அவரை ஒரு முறையும் ஏமாற்றாததால் அங்கே நம்பிக்கை கற்றார். இரண்டையும் கற்றுக் கொடுத்தது அதே அனுபவம்தான்.

வீட்டுக்கு வந்து கணக்கை மறுபடி போட்டேன். குட்டியானையைப் பார்த்ததும் ஆக்ஸிலேட்டரை மட்டும் விட்டு 50-க்கு இறங்கியிருந்தால்? 50-லிருந்து நிற்க, அவருடைய வழக்கமான பின் பிரேக்குக்கே 28 மீட்டர் போதும். கையில் இருந்தது 32. முன் பிரேக்கே தெரியாமல் தப்பித்திருக்கலாம். இன்னொரு பக்கம், 65-லேயே வந்து, முன் பிரேக் மட்டும் தெரிந்திருந்தாலும் தப்பித்திருக்கலாம். இரண்டில் ஏதாவது ஒன்று போதும் என்ற இடத்தில் இரண்டும் இல்லாமல் போனது. எதை முதலில் சரி செய்வாய் என்று கேட்டால், நான் கண்ணையும் ஆக்ஸிலேட்டரையும்தான் சொல்வேன். பிரேக் வித்தை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று கொல்லிமலை கண்டக்டருக்குத் தெரியும். சித்தப்பா பிரேக்கைத்தான் முதலில் என்றார். ஆச்சரியமாக, பயிற்சி கேட்டது அவர்தான்.

செங்கல்

எங்கள் பக்கம் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் லேஅவுட் ஒன்று உண்டு. தார் ரோடு நன்றாக இருக்கும், ஆள் நடமாட்டம் இருக்காது. ஞாயிறு காலை ஆறரைக்குப் போனோம். ஒரு செங்கலை ரோட்டோரம் வைத்தோம். 30 கிலோமீட்டரில் வந்து செங்கலுக்கு நேராக பிரேக் பிடிக்க வேண்டும், நின்ற இடத்தை டேப்பில் அளப்போம். முதல் தடவை பதினொரு மீட்டர். கால் மட்டும். இரண்டாவது, "கையும் பிடிங்க சித்தப்பா" என்றேன், வெடுக்கென்று பிடித்தார். வண்டியின் மூக்கு குனிந்து, ஏபிஎஸ் டர்ரென்று உதைத்தது. பயந்து உடனே விட்டுவிட்டார். பதிமூன்று மீட்டர், முன்னைவிட மோசம். முகத்தில் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று எழுதியிருந்தது.

முதலில் லீவரை லேசாகத் தொட்டு, எடை முன்னால் வரும்வரை கால் விநாடி பொறுத்து, பிறகு இறுக்க வேண்டும். முன் டயர் ரோட்டில் அழுந்திய பிறகுதான் அதற்குப் பிடிப்பு கூடும். டிராக்கில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். அவருக்கு ஏறவில்லை. நாலைந்து தடவை முயன்றுவிட்டு வண்டியை நிறுத்தி, லீவரை விரல் விரலாக அமுக்கிப் பார்த்தார். "டேய், இது பால் கறக்கிற கைடா. வெடுக்குனு இழுத்தா மாடு உதைக்கும், மேல இருந்து ஒவ்வொரு விரலா இறக்கணும்." மணப்பாறைப் பக்கத்துப் பிறப்பு. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. எட்டு, ஏழரை, ஏழு. எட்டு மணிக்கு வெயில் ஏறும்போது ஆறு மீட்டர்.

ஆறு வாரம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பது மீட்டர். கால் முந்திக்கொண்டது. 29 வருடக் காலை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்க முடியாது. பிரிட்டனில் இதே அட்வான்ஸ்டு தேர்வுகளில் ஒன்றில் தங்கத் தகுதி வாங்கினாலும் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் தகுதி காலாவதி. என் பிரேம் போட்ட சர்டிபிகேட்டில் காலாவதித் தேதி எதுவும் இல்லை. அதைக் கழற்றி பீரோ மேல் வைத்துவிட்டேன்.

இப்போது மாதத்தில் முதல் ஞாயிறு லேஅவுட். அவர் கையைப் பழக்குகிறார். திரும்பி வரும்போது அவர் பின்னால் வர, நான் முன்னால் வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓட்டுகிறேன். "பஸ் நிக்குது" என்றேன் போன தடவை. வீட்டில் வண்டியை நிறுத்தியதும் கேட்டார், "பஸ் நிக்குது சரி, அதுக்கு முன்னாடி அந்தம்மா புள்ளையக் கையப் புடிச்சு எறக்குச்சே, அது பஸ்ஸ சுத்தி முன்னாடி வருமா வராதா?" நான் அந்தம்மாவையே பார்க்கவில்லை.

மெக்கானிக் போன வாரம் போன் பண்ணினார். சித்தப்பாவின் முன் பிரேக் பேட் பாதி தேய்ந்துவிட்டதாம், மாற்றவா என்று கேட்டார். அவர் குரலில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. லேஅவுட்டில் வைத்திருந்த செங்கலை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த ஞாயிறுக்கு வேறு தேட வேண்டும்.